டார்கஸும் பதினேழாம் பக்கமும்

லண்டனில் பவுல் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் இரண்டு வகை ஆட்கள்தான் உண்டு. அரசியல் பிரசுரம் எழுதுகிறவர்கள் ஒரு வகை, அதற்கு மறுப்பு எழுதுகிறவர்கள் இன்னொரு வகை. பல நாள் இரண்டும் ஒரே ஆளாகவே இருக்கும். இந்த இரண்டிலும் சேராத ஒருத்தி இருந்தாள். டார்கஸ் பென்ஃபோல்ட் எழுதவும் மாட்டாள், மறுக்கவும் மாட்டாள். தைப்பாள். தைத்ததைக் கூடையில் வைத்துக்கொண்டு தெருவில் கூவி விற்பாள்.

நான் ஜெத்ரோ விக்கின்ஸ். டிரான்டர் அச்சகத்தில் பதினோரு வருஷமாக எழுத்து கோக்கிறேன். மகான்கள் எழுதுவதையெல்லாம் ஈயத்தில் தலைகீழாகக் கோத்துக் கோத்து, மகான்கள் மீது எனக்கிருந்த மரியாதையும் தலைகீழாகிவிட்டது. இந்தச் சந்தில் நான் மதித்தவர்களை எண்ண ஒரு கைவிரல்கள் போதும். அதில் கட்டைவிரல் டார்கஸ்.

அவளுக்கு ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. தெரிந்ததெல்லாம் தாளின் அடியில் நாங்கள் போடும் அடையாள எழுத்துகள் மட்டும். ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். முதல் தாளில் ஏ என்று போடுவோம், இரண்டாவதில் பி. டார்கஸ் மேஜையைச் சுற்றி நடந்து ஒரு ஏயும் ஒரு பியும் எடுப்பாள், ஊசியால் மூன்று துளை குத்துவாள், நூலிழுத்து முடிச்சுப் போடுவாள். முப்பத்திரண்டு பக்கப் பிரசுரம் தயார். அவள் இடக்கைக்காரி என்பதால் முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நூறு பிரசுரத்தைக் கலந்து கொட்டினாலும் அவளுடையதைத் தனியாகப் பொறுக்கிவிடலாம்.

"தலைகீழா ஒண்ணு, முன்னுக்குப் பின்னா ஒண்ணு, இந்தக் கையில வந்ததுன்னு யாராவது சொல்லட்டும், ஊசியை முழுங்கிடறேன்" என்பாள். யாரும் சொன்னதில்லை.

தலைப்பை நான் இரண்டு முறை சொன்னால் போதும், மனப்பாடம். அப்புறம் அவள் கூவினால் தேவாலயத்துப் புறாக்கள் வேறு கூரைக்குக் குடிபோய்விடும். யார் எதை வாங்கினார், எந்தக் கதவில் வாங்கினார், நின்று வாங்கினாரா, நடந்துகொண்டே வாங்கினாரா என்பது வரை அவள் மண்டையில் இருக்கும். நான் முந்தாநாள் என்ன தின்றேன் என்று எனக்கே ஞாபகம் இருக்காது. அவளைக் கேட்டால் சொல்வாள்.

அவளுக்கு சைலஸ் என்று ஒரு கணவன் இருந்தான். நெட்டையன், சாது. அவனும் பிரசுரம்தான் விற்றான். அவன் கூவுவது பக்கத்தில் நிற்பவனிடம் ரகசியம் சொல்வது போலிருக்கும் என்பதால் அவன் கூடை எப்போதும் அரைகுறையாகவே காலியாகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காவலர்கள் அவனைப் பிடித்துப் போனார்கள். கூடையில் இருந்த பிரசுரம் கடலுக்கு அப்பாலிருந்து அரியணைக்கு உரிமை கோருகிறவருக்கு ஆதரவானது, ராஜ துரோகம் என்றார்கள்.

சமாதான நீதிபதி சர் ஹம்ப்ரி டிரிங்வெல் தன் வீட்டு வரவேற்பறையிலேயே விசாரணையை முடித்துவிட்டார். சைலஸ் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டானாம். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா. நீங்க முழுசாப் படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"முழுசாப் படிச்சாச்சு" என்றாராம் அவர்.

கைதிகளைச் சணல் அடிக்க வைக்கும் சிறையில் ஒரு மாதம். அங்கே பத்தொன்பதாம் நாள் சிறைக்காய்ச்சலில் சைலஸ் போய்விட்டான். அந்தப் பிரசுரத்தைத் தைத்தது டார்கஸ்தான், வேறொரு அச்சகத்துக்காக. அந்த அச்சகம் மறுநாளே காணாமல் போனது. எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. பிடிபட்ட பிரதிகளைக் கொளுத்திவிட்டார்கள். "நான் தைச்சது என்னன்னு எனக்கே தெரியாம, நானே அவனைக் கொன்னுட்டேன் தம்பி" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள். நான் குனிந்து எழுத்து கோத்துக்கொண்டே இருந்தேன். அன்று ஒரு ஆறுதல் சொல்லாதது இன்றும் என்னை உறுத்துகிறது.

போகட்டும், நான் சொல்ல வந்தது போன பிப்ரவரியில் நடந்தது. ஆகஸ்டில் ராணி காலமாகி, ஹனோவரிலிருந்து ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கி ஐந்து மாதம். கடலுக்கு அப்பால் பிரான்ஸ் பக்கம் இன்னொருவர், ஓடிப்போன பழைய ராஜாவின் மகன், நான்தான் மன்னர் என்று உட்கார்ந்திருந்தார். அவர் அந்தப் பழைய ராஜாவின் ராணி பெற்ற பிள்ளைதானா, இல்லை படுக்கையைச் சூடேற்றும் பித்தளைச் சட்டிக்குள் ஒளித்து அரண்மனைக்குள் கடத்திவந்த யாரோ பெற்ற பிள்ளையா என்று எனக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டி மட்டும் இல்லையென்றால் இந்தச் சந்தில் பாதிப் பேர் பட்டினி. நான் உட்பட.

எங்கள் முதலாளி டிரான்டர் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஜார்ஜ் மன்னரின் ஆட்கள் வந்தால் எழுந்து நின்று மன்னர் நலத்துக்குக் குடிப்பார். மற்றவர்கள் வந்தால் அதே கோப்பையைத் தண்ணீர்க் கூஜாவுக்கு மேலாக ஒரு சுற்றுக் கொண்டுபோய்விட்டுக் குடிப்பார். தண்ணீருக்கு அப்பாலிருக்கும் மன்னருக்கு என்று அர்த்தம். இரண்டு தரப்பும் ஒரே நாளில் வந்த சமயத்தில் மதியத்துக்குள் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

தேர்தல் நேரம் வேறு. வாட்லி பாதிரியார் ஜார்ஜ் மன்னரை ஆதரித்து ஒரு பிரசுரம் கொண்டுவந்தார். அதே வாரம் யாரோ ஒருவர் தொப்பிப் பெட்டிக்குள் வைத்து அதற்கு நேர் எதிரான பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டும் இரண்டிரண்டு தாள். இரண்டையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே அகலத்தில் நான்தான் கோத்தேன். இரண்டும் ஒரே நாளில் மேஜைக்கு வந்தன. ஜன்னல் பக்கம் பாதிரியாரின் ஏ, பி. அடுப்புப் பக்கம் தொப்பிப் பெட்டியின் ஏ, பி. பாதிரியாருடையது தெருவில் கூவுவதற்கு. மற்றது சால்வைக்குள் வைத்து, ஆள் பார்த்துக் கொடுப்பதற்கு.

இனி வருவது என் திருவிளையாடல். மறைக்க மாட்டேன். காலையில் பீர் ஜாடியையும் ஆட்டிறைச்சி அப்பத்தையும் வைக்க இடமில்லாமல் இரண்டு பி அடுக்குகளையும் நகர்த்தினேன். தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அடுக்குகளைத் திரும்ப வைத்தேன். இடம் மாற்றி வைத்தேன். டார்கஸ் வந்தாள், மேஜையைச் சுற்றினாள், ஏ எடுத்தாள், பி எடுத்தாள், தைத்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்துகளைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருந்தது. எட்டு மணிக்குப் பாதிரியார் பிரசுரம் நாற்பதைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பத்து மணிக்கு நான் மிச்சமிருந்ததில் ஒன்றின் மடிப்புகளைக் கத்தியால் வெட்டிச் சும்மா புரட்டினேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு பக்கத்தின் அடி மூலையிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை அச்சிடுவோம், தாள் மாறினால் உடனே தெரிய வேண்டும் என்று. பதினாறாம் பக்கத்தின் அடியில் 'கடவுள்' என்றிருந்தது. பதினேழாம் பக்கத்தின் தலையில் கடவுளைக் காணோம். முழு வாக்கியத்தையும் படித்தேன். "ஆகவே இன்று நம் அரியணையில் அமர்ந்திருக்கும் ஜார்ஜ் மன்னர்" என்று பதினாறு முடிந்தது. "அடுத்தவன் வீட்டில் கதவை உடைத்துப் புகுந்தவரே ஆவார்" என்று பதினேழு தொடங்கியது.

அங்கிருந்து பதினாறு பக்கத்துக்கு ஒரே ராஜ துரோகம். அதை டார்கஸ் பட்டப்பகலில், மன்னருக்கு ஜே போட்டு, நாற்பது பிரதி விற்கப் போயிருக்கிறாள்.

அவள் காலிக் கூடையோடு பாடிக்கொண்டே உள்ளே வந்தாள். "நாப்பதும் போச்சு தம்பி! பாதிரியார் கையில ராசி இருக்கு. இன்னொரு நாப்பது குடு."

சொன்னேன். பாட்டு நின்றது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மாத்தித் தைச்சுட்டேனா?"

"நீ மாத்தலக்கா. நான்தான் அடுக்கை மாத்தி வெச்சேன். பீர் ஜாடி வைக்க."

"ஜாடி வைக்கவா?"

"ஜாடியும் அப்பமும்."

"நாசமாப் போறவனே, உன் வயித்துல இடி விழ. என்னைச் சிறைக்கு அனுப்பறதுக்கு உனக்கு ஒரு இறைச்சி அப்பம் போதுமாடா? முழு ஆடாவது தின்னிருக்கக் கூடாது?"

திட்டட்டும் என்று நின்றேன். திட்டுகிற வரைக்கும் அவள் அழமாட்டாள். முதலாளி மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"கிரீன்விச்சுல என் தங்கைக்கு ரொம்ப முடியலையாம். நான் உடனே போகணும்" என்றார்.

"எப்ப முதலாளி சேதி வந்துது?"

"வந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

டார்கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். "நாப்பது சரியாத் தைக்கறேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் போவோம். மை கசிஞ்சுடுச்சு, புதுசு தர்றோம்னு சொல்லி மாத்திடுவோம். யாரும் கடைசி வரைக்கும் படிச்சு முடிக்கறதுக்குள்ள போகணும். நீயும் வா. மாட்டினா சேந்தே மாட்டுவோம்."

"நான் எதுக்கு?"

"ஜாடியைத் தூக்கிட்டு வர."

முதலில் காபிக் கடை. அங்கேயே இருபத்திரண்டு விற்றிருந்தாள். உள்ளே நுழைந்தோம். பிளங்கெட் என்ற கம்பளி வியாபாரி பிரசுரத்தை மேஜையில் ஓங்கி ஓங்கி அடித்து முழங்கிக்கொண்டிருந்தார். மனிதர் படித்துவிட்டார், காவலரைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"இதுதான்யா எழுத்து! கடைசிப் பக்கம் இருக்கே, கடைசிப் பக்கம், என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு! அந்தப் பாதிரியாருக்குச் சிலை வைக்கணும்!"

டார்கஸும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசிப் பக்கத்தில் ஜார்ஜ் மன்னரை மூட்டை முடிச்சோடு கப்பல் ஏற்றச் சொல்லியிருந்தது.

"மை கசிஞ்சிருக்குங்க ஐயா, வேற தர்றேன்" என்று டார்கஸ் மெல்ல அதை வாங்கினாள். வாங்கியவளின் விரல் பக்கங்களின் ஓரத்தில் ஓடி நின்றது. நாங்கள் விற்கும் பிரசுரம் மடிப்பு வெட்டாததுதான். வாங்கியவர் கத்தி வைத்து மடிப்புகளை வெட்டினால்தான் பக்கம் திறக்கும். கம்பளிக்காரர் முதல் தாளை மட்டும் வெட்டியிருந்தார். இரண்டாவது தாள் நாங்கள் கொடுத்தபடியே, கன்னி கழியாமல், மூடிக்கிடந்தது.

அடுத்த மேஜை. அங்கேயும் இரண்டாம் தாள் மூடியே இருந்தது. அதற்கடுத்தவர் முதல் தாளிலேயே பாதி வெட்டி, மீதியில் பைப் புகையிலையை மடித்து வைத்திருந்தார். ஒரு வக்கீல் பிரசுரத்தின் முடிவு சட்டப்படி செல்லாது என்று இன்னொரு வக்கீலோடு சட்டையைப் பிடிக்காத குறையாக வாதாடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பிரதியும் வெட்டாதவை.

இருபத்திரண்டும் கைக்கு வந்தன. தெருவுக்கு வந்ததும் டார்கஸ் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தம்பி, படிக்கத் தெரியலையேன்னு முப்பது வருஷமா எனக்குள்ள வெக்கப்பட்டுக்கிட்டிருந்தேன்டா. இவங்க யாரும் படிக்கறதே இல்லையா?"

"தலைப்பைப் படிப்பாங்க."

"தலைப்பு எனக்கும்தான் தெரியும்!"

சவரக் கடையில் மூன்று, மருந்துக் கடையில் மூன்று, சிப்பி விற்கிற பெண்ணிடம் ஒன்று. அவள் ஒருத்திதான் நேர்மையாகப் பேசினாள். "படிக்கவா வாங்கினேன், சிப்பி சுத்த வாங்கினேன்" என்றாள். வாட்லி பாதிரியாரிடமே பத்துப் போயிருந்தது. அவர் வீட்டுக் கதவைத் தட்டும்போது பிரார்த்தனை செய்தேன். மனிதர் தன் பெயர் இருந்த முதல் பக்கத்தை நீவி நீவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முடிவுரையை இன்னொரு தடவை படிச்சேன், எனக்கே புல்லரிச்சுப் போச்சு" என்றார். அவருடைய பத்தில் ஒன்றுகூட வெட்டப்படவில்லை. எழுதியவரே இந்த லட்சணம் என்றால் வாங்கியவரை என்ன சொல்வது.

மூன்று மணிக்குள் முப்பத்தொன்பது திரும்பிவிட்டன. நான் ஒரு பாட்டுக்கூடப் பாடினேன். டார்கஸ் பாடவில்லை. நடை தளர்ந்தது.

"இன்னும் ஒண்ணுதானே அக்கா? யார்கிட்ட?"

"காலையில ஒரு வேலைக்காரன் வாசல்ல நின்னு வாங்கினான். டிரிங்வெல் வீட்டு வாசல்."

அந்த மனிதர் ஒருவர்தான் இந்த ஊரில் கடைசிவரை படிக்கிறவர். அப்படித்தான் நாங்கள் நம்பியிருந்தோம். போன வாரம்கூட ஒரு கூடைக்காரியைச் சாட்டையால் அடிக்க உத்தரவு போட்டிருந்தார்.

"நான் மட்டும் போறேன்கா. தப்பு என்னோடது."

"தைச்ச கை என்னோடது. நானே போறேன்" என்றாள். வாசலில் நின்று என்னிடம் கத்தியை வாங்கி, கையிலிருந்த கடைசிப் பிரதியின் மடிப்புகளை ஒன்று விடாமல் வெட்டினாள். "இவருக்கு மட்டும் வெட்டியே குடுப்போம். பெரிய மனுஷன், வேலை மிச்சம்னு வாங்கிக்குவார்."

வேலைக்காரன் எங்களை அந்த வரவேற்பறைக்கே கூட்டிப்போனான். சர் ஹம்ப்ரி கணப்புக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கூட இரண்டு விருந்தாளிகள். கையில் எங்கள் நாற்பதாவது பிரதி.

"மூணு தடவை படிச்சுட்டேன்" என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இப்படி ஒரு விசுவாசத்தை நான் எங்கயும் பாத்ததில்ல."

"அப்ப முடிவை எங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றார் ஒரு விருந்தாளி.

சர் ஹம்ப்ரி கையிலிருந்ததைப் புரட்டினார். இரண்டாம் தாள் திறக்கவில்லை. லேசாக இருமிவிட்டு, மறைவாக மேஜைமேல் இருந்த காகிதக் கத்தியைத் தேடினார். கத்தி கையில் அகப்பட்டது. மடிப்புக்குள் நுனி நுழைந்தது.

டார்கஸ் நேராகப் போய் அவர் முன்னால் குனிந்து வணங்கினாள். "ஐயா மன்னிக்கணும். நீங்க அதைப் பலமுறை படிச்சதுல மை கசிஞ்சு, தாளெல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கும். எங்க அச்சகத்துத் தப்பு. அதான் ஐயாவுக்குன்னு தனியா ஒண்ணு கொண்டாந்தேன்." வெட்டிய பிரதியைக் கடைசிப் பக்கத்தில் விரித்தே நீட்டினாள்.

அவர் அவளைப் பார்த்தார். மடிப்பைப் பார்த்தார். விருந்தாளிகளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவள் சொல்லமாட்டாள் என்பதும் தெரிந்தது. கையிலிருந்ததை அவளிடம் தள்ளிவிட்டு இதை வாங்கிக்கொண்டார்.

"ஒட்டித்தான் போயிருந்துது. கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு முடிவை உரக்க வாசித்தார். விருந்தாளிகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறு எதற்காகவோ.

நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். போகலாம் என்று. அவள் அசையவில்லை. கணப்புக்குப் பக்கத்து அலமாரியில் பழைய பிரசுரங்கள் ஒரு அடுக்கு கிடந்தது. அதன் நடுவே ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இந்தப் பழசெல்லாம் எதுக்குங்க ஐயா?"

"துரோகிங்க எழுதினது. ஒவ்வொண்ணையும் வரி விடாமப் படிச்சுத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கேன்."

"மேல இருக்கறதை எடுத்துக்கட்டுமா ஐயா? மீன் சுத்த ஆகும்."

"அதுக்குத்தான் லாயக்கு. எடுத்துட்டுப் போ."

அவள் மேலே இருந்த இரண்டை எடுத்தாள். மூன்றாவதாக இருந்த அதையும் சேர்த்து எடுத்தாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. இதே கம்பளத்தில், அவள் கணவன் பக்கத்தில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நின்றவள்தான். முகத்தையும் அவர் பாதிக்கு மேல் படிப்பதில்லை போலிருக்கிறது.

கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்தோம் என்று வழியெல்லாம் நான் பேசிக்கொண்டு வந்தேன். அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அச்சகத்தில் மாறித் தைத்திருந்த பிரதிகளின் நூலைப் பிரித்து, தாள்களைச் சரியாகச் சேர்த்துத் தைத்துக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் முதலாளி வந்து சேர்ந்தார். தங்கைக்குக் குணமாகிவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, பட்டாணிக் களி ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு டார்கஸ் என் அறைக்கு வந்தாள். சட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பிரசுரத்தை வைத்தாள்.

"நான் தைச்சதுல துரோகம்னு பிடிபட்டது இது ஒண்ணுதான். இதுலதான் சைலஸ் போனான். என்ன இருந்துதுன்னு எனக்குத் தெரியணும். படி."

ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். முதல் தாள் வெட்டியிருந்தது. இரண்டாவது வெட்டவில்லை. அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அங்கேயே, அந்த அலமாரிக்கு முன்னாலேயே, விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

படித்தேன். முதல் பதினாறு பக்கமும் கடலுக்கு அப்பாலிருப்பவர் பக்கம்தான். பித்தளைச் சட்டிக் கதையெல்லாம் பொய், அவர் ராணி பெற்ற பிள்ளையே, பிரசவ அறையில் அத்தனை சாட்சி இருந்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனது. டார்கஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றாள். "நான்தான் இதைத் தைச்சுக் குடுத்தேன்."

கத்தியை எடுத்து இரண்டாம் தாளை வெட்டினேன். பதினேழாம் பக்கத்தின் முதல் வரியை வாய்விட்டுப் படித்தேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"அக்கா, இங்க என்ன போட்டிருக்குன்னா, 'இதுவரை நான் எடுத்துரைத்தது எதிராளியின் வாதம். இனி அதற்கு என் பதில்' அப்படின்னு போட்டிருக்கு."

அவள் நிமிர்ந்தாள். "படி. நிறுத்தாத."

பிறப்பு எப்படியிருந்தாலும் சட்டம் சட்டம்தான் என்றது பதில். பாராளுமன்றம் விதித்தபடி, அப்போது ஆண்ட ராணிக்குப் பின் அரியணை ஹனோவர் வம்சத்துக்கே என்றது. கடைசிப் பக்கத்தில், இதை ஏற்காதவன் இந்த நாட்டின் நண்பனல்ல என்று முடிந்தது. பாதிரியார் எழுதியதைவிட எத்தனையோ மடங்கு விசுவாசமான எழுத்து. டிரிங்வெல் படித்திருந்தால் எழுந்து நின்று மன்னர் நலத்துக்குக் குடித்திருப்பார்.

"அப்ப சைலஸ் வித்தது?"

"ஜார்ஜ் ராஜாவுக்கு ஆதரவாக்கா. முழுக்க முழுக்க."

அவள் களிச் சட்டியின் மூடியை எடுத்தாள், திரும்ப மூடினாள். "முழுசாப் படிச்சுப் பாருங்கன்னு கேட்டானே தம்பி. அவன் வாழ்க்கையில யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல. அது ஒண்ணுதான் கேட்டான்." அதற்கப்புறம் அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை. நானும் அழுதேன், வெட்கப்படவில்லை. ஆனால் அழுது முடித்தபோது அவள் முகத்தில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. தன் தையல் சைலஸைக் கொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, நான் எவ்வளவு தடுத்தும் கேளாமல், மடிப்பெல்லாம் வெட்டிய அந்தப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு தனியாக டிரிங்வெல் வீட்டு வாசலுக்குப் போனாள். எதுவும் வேண்டாம், பதினேழாம் பக்கத்திலிருந்து படித்தால் போதும், சைலஸ் பென்ஃபோல்டின் மனைவி கொடுத்தாள் என்று சொல் என்று வேலைக்காரனிடம் கொடுத்தனுப்பினாள். மழையில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் வேலைக்காரன் அதைத் திரும்பக் கொண்டுவந்து நீட்டினான்.

"ஐயா அதை எப்பவோ முழுசாப் படிச்சாச்சாம்."

நனைந்துபோய் அச்சகத்துக்கு வந்து எங்களிடம் அதைச் சொன்னாள். வேலைக்காரன் குரலிலேயே சொன்னாள். சொல்லிவிட்டு என் கத்தியைக் கேட்டு வாங்கினாள். அன்று விற்க வேண்டிய இருநூறு பிரசுரத்தையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக மடிப்புகளை வெட்ட ஆரம்பித்தாள். அதற்குக் கூலியும் கிடையாது, யாரும் கேட்கவுமில்லை.

முதலாளி பதறிப்போய் ஓடிவந்தார். "ஏய், என்ன பண்ற? வெட்டி வெச்சா எவனும் வாங்க மாட்டான், கடையிலயே நின்னு ஓசியில படிச்சுட்டுப் போயிடுவான்!"

டார்கஸ் கத்தியை நிறுத்தவில்லை.

"படிக்கட்டும் முதலாளி. ஒருத்தனாவது படிக்கட்டும்."